பட்டைக்கு அடியில்

ஸ்பிரிங்வெளியில் நான் சிறுவனாயிருந்த நாளில், பட்டுப்போன சவுக்கு மரத்தை விறகுக்காகப் பிளக்கும்போது, பட்டைக்கடியில் சருகுத் துண்டுபோல் ஒட்டிக் கிடக்கும் தட்டையான பூச்சிகளைக் கண்டதுண்டு. "மூட்டைப்பூச்சிடா தம்பி, லயத்துக்குள்ள கொண்டாந்திராதே" என்பாள் அம்மா. லயத்தில் ஏற்கெனவே இருந்தவை போதாவா!

அம்மா சொன்னது பாதி உண்மை. அவை மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. ஆனால் இரத்தம் தீண்டாதவை. மயிரிழை போன்ற நீண்ட ஊசிகளைத் தலைக்குள்ளே சுருட்டி வைத்திருந்து, உளுத்த மரத்தில் படரும் பூஞ்சணத்தை உறிஞ்சி வாழ்பவை. உலகில் ஏறத்தாழ 2000 இனங்கள் உண்டு. டிஸ்டண்ட் என்ற ஆங்கிலேயர் 1902 முதல் எழுதிய தொகுதிகளில் இலங்கைப் பூச்சிகளும் இடம்பெற்றன.

பின்னாளில் பூதக்கண்ணாடியோடு அவற்றை நாடியபோது நான் செய்த முதற்பிழை, சிறகில்லாதவற்றையெல்லாம் குஞ்சென்று ஒதுக்கியதே. வெப்பநாட்டுக் காடுகளில் முதிர்ந்த பின்னும் சிறகற்றே வாழும் இனங்கள் பல. மேலே படிந்த அழுக்கை மெல்ல நீக்கி, புரட்டிப் பார்த்து, உணர்கொம்புக் கணுக்களின் அளவு, மார்புத் தகட்டின் விளிம்பு, மூச்சுத்துளைகளின் இடம், ஆணின் குறி ஆகிய அனைத்தையும் ஒப்பிட்ட பிறகே இனம் இன்னதென்று துணிய வேண்டும். தவறினாலும் பாதகமில்லை, மாதிரி பத்திரமாயிருந்தால் அடுத்தவர் திருத்திக்கொள்வார்.

சிறகற்றது அடுத்த மலைக்குப் பறக்க இயலாது. காடு விழுந்தால் அதுவும் விழும். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் ஊவா மலைச்சரிவுகள் மொட்டையாயின. பெயர் பெறுமுன்னே மறைந்த இனங்கள் எத்தனையோ! வெட்டிய கைகள் எம் முன்னோருடையவை. வெட்டச் சொன்ன வாய் வேறு.

அந்தக் கைகளையும் ஒருநாள் இனம் பிரித்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எம்மை நாடற்றோராக்கியது. 1964இல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகள் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒதுக்கின. எம்மில் எவரைப் புரட்டிப் பார்த்தார்கள்? எவரைக் கேட்டார்கள்? என் அத்தை குடும்பம் அந்தக் கணக்கில் கப்பலேறிற்று. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அத்தைக்கு அது எட்டவில்லை.

இன்றும் நமுனுகுல மலைப்பக்கம் போனால் பட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். பார்த்தபின் அதை இருந்தபடியே பொருத்திவிட்டு வருகிறேன். அடியில் இருப்பவற்றுக்கு வேறு வீடில்லை.