மார்கழிச் சத்தம்

டிசம்பர் 27, வெள்ளி

காலை 6.20. வண்டியைப் பின்னால் எடுத்தேன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஒரு சத்தம். ம்ம்ம்ங் என்று. எதிர்வீட்டுத் தண்ணி மோட்டார் என்று நினைத்தேன். மோட்டார் ஓடவில்லை. நம்ம வண்டிதான். நேராக்கினால் இறங்குகிறது, திருப்பினால் ஏறுகிறது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வில்லிவாக்கம் போவதற்குள் அடங்கிவிட்டது.

இவரிடம் சொன்னேன். "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

வலது தோள் இன்றும் தூக்க வரவில்லை. பத்து மணிக்கு மேல் பரவாயில்லை.

டிசம்பர் 28, சனி

இன்றும். 6.25.

கண்ணாடியை இறக்கி, ஏசி போடாமல், வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். வண்டி நகரவே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. அப்படியென்றால் சக்கரம் இல்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. அதற்குள் இது. பிரசவ வார்டில் கேட்கும் முனகல் மாதிரி. அடிவயிற்றில் என்னவோ செய்தது.

சாயங்காலம் சத்தமே இல்லை. சூடு ஏறினால் வாயை மூடிக்கொள்கிறது. யாரிடம் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

பானெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங் ஆயில் டப்பா எங்கே இருக்கிறது என்றே இத்தனை வருஷம் பார்த்ததில்லை. மினிமம் கோட்டுக்குக் கீழே. சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில். விரலில் தொட்டு முகர்ந்தேன். தீய்ந்த வாடை. மேலே சின்னச் சின்னக் குமிழ், சோப்புத் தண்ணி மாதிரி.

வண்டிப் புத்தகத்தில் டெக்ஸ்ரான் என்று இருந்தது. மெயின் ரோட்டுக் கடையில் டெக்ஸ்ரான் 3 ஒரு லிட்டர் வாங்கினேன். புனல் வைத்து மெதுவாக ஊற்றினேன். ஒரு டம்ளர் பிடித்தது.

சத்தம் பாதிதான். அப்பாடா. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 1, புதன்

சத்தம் இருக்கிறது.

முன்னை விட அதிகம். யாருக்கும் வாழ்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

ஜனவரி 2, வியாழன்

ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை. குனிந்து பார்த்தது ஒரு நிமிஷம் இருக்குமா. "பம்ப் போச்சு மேடம். மாத்தணும். இந்த மாடலுக்கு எல்லாம் புதுசு இப்ப வர்றதில்ல. பழசு ஏழாயிரம் ஆகும். கூலி தனி."

காலையில் மட்டும்தான் வருது என்றேன். ஆயில் குறையுது என்றேன். நுரை இருக்கு என்றேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். காது கொடுக்கவில்லை.

போன மாதம் தோளுக்குப் போனபோதும் இப்படித்தான். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. வயசாகுது இல்லையா, என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஏழாயிரம் பெரிதில்லை. கேட்காமல் சொல்லிவிட்டார்களே என்பதுதான் ஆறவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

இவர்: "2001 மாடல். வித்துடலாம். அடுத்த வருஷம் எஃப்.சி. வேற வரும்." நான் பதில் சொல்லவில்லை. சாதம் பரிமாறிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

2006-இல் பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. என் பெயரில் இருக்கும் ஒரே பொருள். ஓட்டக் கற்றுக்கொண்டது, அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, நைட் டியூட்டி முடித்துத் தனியாக வந்தது எல்லாம் இதில்தான். 1,86,000 கிலோமீட்டர். இவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

பொங்கலுக்கு வந்தவாசி போக வேண்டும். அம்மாவிடம் வண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் இருக்கிறது.

ஜனவரி 4, சனி

மதியம் புதுப்பேட்டை. பழைய பம்ப் ஒன்று வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். தெரு முழுக்கக் கதவு, பம்பர், கியர் பாக்ஸ். காலடியில் ஆயில். நாலு கடையில் "இருக்கு, காசை எடுங்க" என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பாய். வெள்ளைத் தாடி. பம்ப் கேட்டேன். எடுக்கவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"சத்தம் எப்படி? காலைல ஜாஸ்தியா? ஒடிச்சா ஏறுதா? ஆயில்ல நுரை இருக்கா? கீழ சொட்டுதா?"

எட்டு நாளில் முதல் முதலாக ஒருவர் கேட்கிறார். தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நுரை உண்டு. கீழே சொட்டு இல்லை. ஆனால் டப்பாவில் குறைகிறது.

ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்த ஒரு பம்பை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவுதான். நடுவில் ஓர் உருளை, அதில் கீறின மாதிரி பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் பிளேடு மாதிரி ஒரு தகடு. பத்துத் தகடு. சுற்றும்போது தகடுகள் வெளியே வந்து வளையத்தை உரசிக்கொண்டே ஆயிலைத் தள்ளுமாம். பெல்ட் சுற்றுகிற வரைக்கும் இதுவும் சுற்றும். "உங்க டயர்ல 30 பவுண்டு காத்து. ஃபுல்லா ஒடிச்சுப் பிடிச்சீங்கன்னா இதுக்குள்ள ஆயிரம் பவுண்டுக்கு மேல ஏறும்மா. அந்த அழுத்தத்துல ஒரு குமிழ் மாட்டினா என்னாகும்? நசுங்கி வெடிக்கும். அதான் கத்துது." வளையத்தின் உள்பக்கத்தைத் தடவச் சொன்னார். அலை அலையாகக் கோடு. காற்று தின்ற இடம் என்றார்.

"இது காத்து குடிக்குது. பம்பைத் தேடாதீங்க, காத்து போற வழியைத் தேடுங்க. டப்பாவுலேர்ந்து பம்புக்கு வர்ற ஹோஸ் உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை இருந்தா ஓடும்போது ஆயில் வெளிய வராது, காத்து உள்ள போகும். நின்ன பிறகு லேசா கசியும், அவ்வளவுதான். காலைல ஆயில் கெட்டியா இருக்கும், உறிஞ்ச கஷ்டம், அதனால இன்னும் ஜாஸ்தி காத்தை இழுக்கும்."

நான் கொடுத்த காசை வாங்கவே இல்லை. பம்பும் கொடுக்கவில்லை. "அதையும் பார்த்துட்டு நிக்கலேன்னா வாங்க." கூவம் பாலத்தில் டிராஃபிக். சூடு ஏறியும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதல் முறையாக அதைக் கேட்டுப் பயம் வரவில்லை.

ஜனவரி 6, திங்கள்

6.15. சத்தம் இருக்கிறது. பெல்ட் மேல் தண்ணீர் தெளித்தேன். மாறவில்லை. பெல்ட் இல்லை. பெரிய ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான். ஆல்டர்னேட்டர் அமைதி. பம்பைத் தொட்டதும் மண்டைக்குள் ம்ம்ம்ங். பல்லெல்லாம் கூசியது.

ஹோஸ் வந்து சேரும் இடத்தில் ஈரம். புழுதி ஒட்டிக் கறுப்பாக. பாய் சொன்ன இடம்.

குனிந்ததில் தோள் பிடித்துக்கொண்டது. வேலை பார்க்கும் லேபில் இடது கையால் ட்யூப் எடுத்தேன்.

ஜனவரி 8, புதன்

மோசமான நாள். லேப் பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டியரிங் விட்டு விட்டு உதறியது. பிறகு கனத்தது. ஒரு நொடிதான். வலது கையால் பிடிக்க முடியவில்லை. சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் மேல் ஹாரன்.

பம்ப் நின்றாலும் ஸ்டியரிங் கழன்றுவிடாது, கனக்கும், அவ்வளவுதான் என்று தெரியும். பவர் இல்லாத வண்டியை அப்பா முப்பது வருஷம் ஓட்டினார். ஆனால் இந்தத் தோளை வைத்துக்கொண்டு? லாரிகள் வரும் வந்தவாசி ரோட்டில்?

வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் அழுதேன். விற்றுவிடலாம் என்று தோன்றியது. சாயங்காலம் அந்த எண்ணம் போய்விட்டது.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. மூன்று மணியிலிருந்தே தெருவில் சத்தம். 6.20-க்கு என் சத்தம். குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, பழகிவிட்டதா. பழகிவிடக் கூடாது.

டெப்போவில் வேலை பார்த்த மாமா நாளைக்கு வண்டியைப் பார்க்க வருகிறேன் என்றிருக்கிறார்.

ஜனவரி 11, சனி

மாமாவுக்கு எழுபத்து மூன்று. முட்டி வலி. ஆனாலும் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் விளக்குப் பிடித்தேன். இரண்டே போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். பம்பின் வாயைக் கழற்றினார். உள்ளே ஓ ரிங். உருண்டையாக இருக்க வேண்டியது சப்பட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்து. நகத்தால் எடுத்தபோதே இரண்டாக உடைந்தது.

"இத்தனை வருஷச் சூடு, பாப்பா. ரப்பர் என்ன பண்ணும்."

அந்தத் துண்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். மோதிரத்தை விடச் சின்னது. ஜி.பி. ரோட்டில் அளவு பார்த்து ஆயில் தாங்கும் ரப்பரில் நாலு வாங்கி வைத்திருந்தேன். ஒன்று பதினைந்து ரூபாய். பொருந்தியது. கிளாம்ப் இரண்டும் புதுசு. டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் சல்லடை, அதில் கறுப்புச் சேறு. பெட்ரோலில் அலசினோம். திரும்பி வரும் ஹோஸை பாட்டிலில் விட்டுப் பழைய ஆயிலை எல்லாம் இறக்கினார். புது ஆயில். அந்தச் சிவப்பு. பார்க்கவே நன்றாக இருந்தது.

பிறகு முன்பக்கம் ஜாக்கி போட்டு, அடியில் கட்டை கொடுத்து, இன்ஜின் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. இருபது தடவை. இடது கையால் திருப்பினேன். "மெதுவா. அவசரப்பட்டா நுரைச்சுக்கும்." அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் வரும், வெடிக்கும், ஆயில் இறங்கும், ஊற்றுவார். மறுபடி. பதினைந்துக்கு மேல் தோள் எரிந்தது. நிறுத்தவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் பால் பொங்குகிற மாதிரி நுரை எழும்பி அடங்கியது. சத்தம் இருந்தது. நெஞ்சு விழுந்துவிட்டது. "இருக்கிற காத்து வெளிய வரணுமில்ல. ராத்திரி நிக்கட்டும்" என்றார்.

இவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து மாமாவுக்கு டீ கொடுத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

5.50. இருட்டு. சாவியைத் திருப்பினேன்.

இடது. வலது. மறுபடி இடது.

கோயில் ஸ்பீக்கர் மட்டும் கேட்டது.

நம்பவில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். கடைசிவரை ஒடித்தால் ஸ்ஸ் என்று ஒரு சின்ன சத்தம். மாமாவுக்கு போன் போட்டேன். அழுத்தம் ஏறினால் வால்வு திறந்து வழி விடுமாம், அந்தச் சத்தமாம். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதே, கொஞ்சம் விட்டுக்கொடு என்றார். இது வேறு சத்தம்தான். தெரிகிறது எனக்கு.

டப்பாவில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

கிளம்பும்போது தெருவெல்லாம் புகை. செங்கல்பட்டு டோலில் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு தடவை லேன் மாறும்போதும் காதைக் கொடுத்தேன். ரேடியோ போடவில்லை. இவர் பக்கத்தில். மேல்மருவத்தூரில் டீ. பானெட்டைத் திறந்தேன். கோடு அதே இடத்தில். வந்தவாசி ரோட்டில் திரும்பும்போது இவர் சொன்னார்: "அந்த சத்தம் இல்ல." அப்போ கேட்டிருக்கிறது. முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது. கோபப்படுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

கரும்பு வாங்கினோம்.

ஜனவரி 16, வியாழன்

நேற்று ராத்திரி வீடு வந்தோம். இன்று 6.20. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நொடி, அரை நொடி, ம் என்றது. பிறகு இல்லை. பனி அதிகம். கோட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை இறங்கிய மாதிரி. நான் போட்ட பென்சில் கோடு தடிமன்.

பம்பும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். பாய் கடை விலாசம் பர்ஸில் இருக்கிறது. மிச்சம் மூன்று ஓ ரிங் டேஷ்போர்டில்.

கை இன்று காதுவரை தூக்க வந்தது. நாளைக்கும் பார்க்க வேண்டும், இரண்டையும்.