பூத்தும் காய்க்காத சிலிச் செடி

பிரான்ஸின் மேற்குக் கோடியில், பிரெஸ்ட் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பிளூகஸ்தெல். கடல் சூழ்ந்த ஊர். கடுங்குளிர் அதிகம் தாக்காது. ஸ்ட்ராபெர்ரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இங்கே உண்டு. ஆனால், இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த செடி, பிரான்ஸுக்கு வந்த புதிதில் பல வருஷம் பூத்துப் பூத்து ஏமாற்றியது.

1712-ல் ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், ஸ்பானியர்களின் கோட்டைகளை நோட்டம் பார்க்கத் தென் அமெரிக்காவின் சிலிக்குப் போனார். (பிரெஞ்சில் ஸ்ட்ராபெர்ரியை 'ஃப்ரேஸ்' என்பார்கள். நல்ல பெயர்ப் பொருத்தம்!) அங்கே மாப்புச்சே பழங்குடிகள் வழிவழியாகப் பயிரிட்ட ஸ்ட்ராபெர்ரியில், சில பழங்கள் கோழிமுட்டை அளவுக்கு இருந்தன. வேரோடு எடுத்துக் கப்பலேற்றினார். ஆறு மாதப் பயணம், குடிநீருக்கே தட்டுப்பாடு. 1714-ல் கரை சேர்ந்தபோது ஐந்து செடிகள்தான் மிச்சம். தண்ணீர் தந்த சரக்கு அதிகாரிக்கே அதில் இரண்டு போயிற்று.

செடி நன்றாகப் படர்ந்தது, பூத்தது. காய் மட்டும் இல்லை.

மண்ணிலோ உரத்திலோ குறையில்லை. பெரிய பழம் உள்ள செடியாகப் பார்த்து எடுத்ததுதான் வினை. இந்த இனத்தில், பனையைப் போல, ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி. பழம் தருவது பெண். ஆக, வந்ததெல்லாம் பெண் செடிகள். ஓடுதண்டு வெட்டி நட்டால் தாய்ச்செடியின் இனம்தானே வரும்? ஆயிரம் நட்டாலும் ஆயிரமும் பெண்தான்.

பிளூகஸ்தெல் பகுதி விவசாயிகள் இதற்கு வழி கண்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து முன்பே வந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரியை இடையிடையே நட்டார்கள். அதன் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்க, சிலிச் செடி காய்த்தது. காரணத்தை விளக்கி எழுதியவர் துஷேன். 1766-ல் அவருடைய புத்தகம் வந்தபோது வயது இருபதுகூட ஆகவில்லை.

இந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்று ஊட்டி, கொடைக்கானலில் விளையும் ஸ்ட்ராபெர்ரி. அதன் பூவில் இரு பாலும் இருப்பதால் ஆண் செடி தேடும் கவலை இல்லை.

பழைய இனத்தை ஆசைப்பட்டு வளர்ப்பவருக்கோ அந்தக் கவலை இன்றும் உண்டு. இத்தாலியின் தொர்த்தோனாவில் விளையும் வாசனை ஸ்ட்ராபெர்ரியும் இப்படி ஆண், பெண் பிரிந்ததே. பூக்கும்போதே இனம் பார்த்து அடையாளக் குச்சி நட்டுவிட வேண்டும். பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் செழித்திருந்தால் ஆண்; மகரந்தம் இல்லாமல் நடுமேடு மட்டும் புடைத்திருந்தால் பெண். பழம் சுமக்காத ஆண் செடி வேகமாக ஓடுதண்டு விட்டுப் பெண் பாத்தியை அமுக்கிவிடும். அதை அவ்வப்போது வெட்டி ஒதுக்காவிட்டால், சில வருஷத்தில் தோட்டம் முழுக்கப் பூதான் இருக்கும்.