கருவிப் பெட்டி

ஒரு பொருளை வாங்குதல் எளிது. வாங்கிய பொருளைப் பேணுதல் அரிது. இவ்வுண்மையை நான் நூல்களில் படித்தேன். தமிழாசிரியனாக இருந்து பல ஆண்டுகள் மாணவர்க்கும் எடுத்துரைத்தேன். ஆனால், அதனை நானே கற்றுக்கொண்டது பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே. கற்பித்தது ஒரு பழைய எந்திரம்.

எங்கள் சிற்றூர் ஆம்பூருக்கு அருகில், பாலாற்றங்கரையை அடுத்து உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. எங்கள் ஊர் இளைஞருள் பலர் காலையில் தோல் பதனிடும் சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிடுவர். வயலில் ஆள் குறைந்தது. உழவு மாடுகளும் குறைந்தன. ஆகவே, எனக்கிருந்த சிறு நிலத்தை உழுவதற்குப் பழைய பவர் டில்லர் ஒன்றை விலைக்கு வாங்கினேன்.

பவர் டில்லர் என்பது இரண்டு சக்கரங்களும் இரண்டு நீண்ட கைப்பிடிகளும் உடைய சிறு உழவு எந்திரம். உழுபவர் அதன் பின்னே நடந்து செல்வார். எந்திரத்தின் பின்புறத்தில் வளைந்த கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறையை ஆஸ்திரேலிய நாட்டில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்பவர் 1912-இல் ஆராயத் தொடங்கினார். அவர் நிறுவனம் வழங்கிய ரோட்டவேட்டர் என்னும் பெயர், ஆங்கில எழுத்துகளில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்கும். நம் தமிழில் மாலைமாற்று என்னும் மிறைக்கவியைக் கற்ற எனக்கு இச்செய்தி வியப்பளித்தது. சிறு வயல்கள் மிகுந்த ஜப்பானில் இவ்வகை எந்திரங்கள் பெரிதும் பரவின. அந்நாட்டு மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1967-இல் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையும் தோன்றியது.

பெயரின் அழகை வியந்த நான் எந்திரத்தின் நிலையை நோக்கவில்லை. எஞ்சினிலிருந்து விசையைக் கொண்டு செல்பவை பெல்ட்டு என வழங்கும் ரப்பர்ப் பட்டைகள். என் எந்திரத்தில் அவை மூன்று. ஒரு பட்டையின் உட்புறத்தில் வெடிப்புகள் இருந்தன. கண்டும், ‘இன்னும் சில நாள் ஓடும்’ என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு நல்ல மழை பெய்தது. மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைக்க ஏற்ற ஈரம். செம்மண் நிலத்தில் அவ்வீரம் சில நாளே நிற்கும். விடிந்ததும் என் நிலத்தை உழுது முடித்தேன். அடுத்து, பக்கத்து நிலத்து அம்மையார் ஒருவருக்கு உழுது தருவதாக வாக்களித்திருந்தேன். கணவரை இழந்த அவர், ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி விதைக்கடலை வைத்திருந்தார். அவர் நிலத்தில் இரண்டு சால் ஓடியதும் பட்டை அறுந்தது, எந்திரம் நின்றது.

ஆம்பூருக்கு ஓடினேன். அந்த அளவுள்ள பட்டை கடையில் இல்லை. வேலூரில் தேடி வாங்கி, பூட்டி முடிப்பதற்குள் மூன்று நாள்கள் கழிந்தன. வெயில் ஈரத்தை உண்டுவிட்டது. அந்த அம்மையார் காய்ந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார். “மழை வந்தது வாத்தியாரய்யா, மிஷின்தான் வரவில்லை” என்றார். அவர் என்னைப் பழிக்கவில்லை. பழித்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும். அடுத்த மழை காலந்தாழ்த்தி வந்தது. அவர் பிந்தி விதைத்த கடலை, போட்ட முதலுக்கும் போதவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையாரை நினைத்தேன். அவர் கவலையேற்றிப் பயிர் செய்தவர். கவலையில் நீரை முகக்கும் இரும்புச் சாலின் அடியில் தோலால் ஆன தும்பி பொருத்தப்பட்டிருக்கும். கோடை தொடங்குமுன் அவர் தும்பிக்கு எண்ணெய் தடவுவார். தையல் விட்ட இடங்களைத் தைக்கச் செய்வார். மாற்று வடம் ஒன்றைத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். “வடம் அறுந்த பிறகு கயிறு திரிக்க முடியுமா?” என்று கேட்பார். ஏட்டுக் கல்வி மிகுதியாகப் பெறாத அவர் அறிந்ததைப் புலவர் பட்டம் பெற்ற நான் மறந்தேன்.

மறுநாள், தோல் பதனிடும் சாலையில் நெடுங்காலம் எந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் சென்றேன். “பாய், எனக்கு இந்த எந்திரத்தைப் பேணக் கற்றுக் கொடுங்கள்” என்றேன். அவர் சிரித்து, “வாத்தியாரய்யாவே மாணவராக வந்தால் மறுக்க முடியுமா?” என்று கூறி, அன்றே வந்தார்.

முதற்பாடம் பட்டையைப் பற்றியது. “என் உஸ்தாத் காலத்தில் எந்திரங்களைத் தோல் பெல்ட்டுகள் ஓட்டின. தோலுக்கு எண்ணெய் உணவு. ரப்பருக்கு எண்ணெய் நஞ்சு. ரப்பர் பெல்ட்டை எண்ணெயும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். ஒன்று அறுந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், தளர்ந்த பழையதும் இறுகிய புதியதும் சுமையைச் சமமாகத் தாங்கா” என்றார். பட்டையின் மேல் பொறித்த எழுத்து அதன் பருமனையும், எண் அதன் நீளத்தையும் குறிப்பன என்பதையும் காட்டினார். அவ்வெண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பின்னர் ஒரு தகரப் பெட்டியை நிரப்பினோம். பல அளவுள்ள ஸ்பானர்கள், திருப்புளி, குறடு, சுத்தியல், கம்பித் தூரிகை, கிரீஸ் ஏற்றும் துப்பாக்கி, வலை பொருத்திய புனல் ஆகியன கருவிகள். ரப்பர்ப் பட்டைகள், டீசல் வடிகட்டி, டீசல் குழாய்க்குரிய செம்பு வாஷர்கள், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள், கிளட்ச்சுக் கம்பி, இடப்புறமும் வலப்புறமும் வளைந்த கத்திகள், அவற்றின் போல்ட்டு நட்டுகள் ஆகியன உதிரிப் பாகங்கள். “பழைய மாடலுக்குப் பாகம் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகும். கடைக்குப் போகும்போது தேய்ந்த பாகத்தையே கையோடு கொண்டு போங்கள்” என்று அறிவுறுத்தினார்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? பயன்படுத்தும் முறையும் தெரிதல் வேண்டும். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அப்போது உரிய திருகைத் தளர்த்தி, குமிழிகள் நின்று டீசல் மட்டும் வரும்வரை வெளியேற்றுதல் வேண்டும். கத்தியில் சிக்கிய கொடியை எஞ்சினை நிறுத்திய பின்னரே அகற்றுதல் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் எல்லா நட்டுகளையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு சீரில் தளை தட்டினால் வெண்பா கெடுவது போல, ஒரு நட்டுத் தளர்ந்தால் எந்திரம் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் எஞ்சினின் பழைய எண்ணெயை வடித்து, கால்வாயோரம் ஊற்றப் போனேன். முதியவர் என் கையைப் பற்றினார். “ஐயா, எந்திரத்துக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்கும். ஆற்றுக்கு எந்தக் கடையில் வாங்குவீர்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாறும் அதனை அடுத்த கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். அது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும். தீங்கு நேருமுன்பே அதனைத் தடுத்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. தீங்கு நேருமுன் தடுத்தல் என்பது என் தந்தையார் தாழ்வாரத்தில் தொங்கவிட்ட மாற்று வடத்தின் பொருளும் அன்றோ! அன்று முதல் பழைய எண்ணெயை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அதனைத் தூய்மை செய்வதற்காகப் பெற்றுக்கொள்வோரிடம் கொடுத்து வருகிறேன்.

அடுத்த ஆடியிலும் மழை பெய்தது. அவ்வாண்டு அந்த அம்மையாரின் நிலத்தையே முதலில் உழுதேன். நண்பகலுக்குள் உழவு முடிந்தது. மாலைக்குள் அவர் விதைத்துவிட்டார். வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து கருவிகளைத் துடைத்து அடுக்கினேன். அவ்வாண்டு ஓர் உதிரிப் பாகமும் பெட்டியை விட்டு வெளிவரவில்லை. எனினும், அவற்றை வாங்கிய பணம் வீணாயிற்று என்று நான் எண்ணவில்லை. நம் எந்திரம் நின்றால் நம் வேலை மட்டும் நிற்பதில்லை. நம்மை நம்பியவர் வேலையும் நிற்கும். ஆதலால், ஒரு பொருளைப் பேணுதல் நம்மை நம்பியவர்க்குக் கொடுத்த வாக்கைப் பேணுதலே ஆகும்.