அக்கரைத் தீயும் இக்கரைச் சிந்தனையும்

கொற்கை முத்தால் புகழ்பெற்ற கடற்கரை நம்முடையது. அம்முத்து விளைந்த மன்னார் வளைகுடா, தூத்துக்குடிக்கு உரியது போன்றே அக்கரையிலுள்ள மன்னாருக்கும் சிலாபத்துறைக்கும் உரியது. முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாள்களில் இக்கரைப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே கடலில் மூழ்கினர். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவனது உயிர், தோணியில் கயிறு பிடித்தவனது கையில் இருந்தது.

எம் முன்னோருட் பலர் சபர் சென்று கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்தவர்கள். ஆதலின் இலங்கையின் துயரங்கள் எமக்கு நாளிதழ்ச் செய்திகள் மட்டுமல்ல. வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவை. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கண்டியில் பள்ளிவாசல் முன் சென்ற வெசாக் ஊர்வலம் பற்றிய பூசல், சில நாள்களுக்குள் நாட்டின் பல பகுதிகளிலும் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த பெருந்தீயாயிற்று. நம் கரையிலிருந்து சென்ற வணிகர்களே அதில் முதன்மையாகக் குறிவைக்கப்பட்டனர். 1983 சூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகள், வாக்காளர் பட்டியலைக் கையிற்கொண்டு வந்தோரால் தேடித் தேடி எரிக்கப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர்.

1990 ஆகஸ்டு 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் அவ்வியக்கத்தால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கிழக்கிலோ, அவ்வாண்டிலேயே தமிழ்ச் சிற்றூர்களில் நிகழ்ந்த கொலைகளில் முஸ்லிம் ஊர்க்காவற்படையினர் சிலரும் பங்குகொண்டனர்.

1915ஐயும் 1990ஐயும் பள்ளிவாசல் முற்றத்தில் பேசுவோர் உளர். 1983ஐத் தமிழ் மேடையில் பேசுவோர் உளர். இவை அனைத்தையும் ஒருங்கே பேசுவோர் மிகச் சிலரே.

வகுப்பில் இவற்றைக் குறித்துப் பேசுங்கால், "இப்படிக் கொன்றவர்கள் மனிதர்கள்தாமா, ஐயா?" என்று மாணவர் ஒருவர் வினவினார். உலகப் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டு ஆய்வுக்குரியதாக இருந்துவரும் வினா அது. இனப்படுகொலை என்னும் குற்றத்திற்கு 1944இல் தனிப் பெயர் சூட்டியவர் ரஃபேல் லெம்கின் என்னும் யூதச் சட்ட அறிஞர். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை அதனைத் தடுப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றது. எந்நிகழ்ச்சி அப்பெயருக்கு உரியது என்பதைச் சட்ட அறிஞர்கள் இன்றும் வாதிடுவர். எனினும், கொல்லும் கையைப் பற்றிய ஆய்வு அவ்வழக்கு முடியும்வரை காத்திருக்கவில்லை.

கிறிஸ்டோபர் பிரவுனிங் என்னும் வரலாற்றறிஞர் 1992இல் வெளியிட்ட நூலில், ஹாம்பர்க் நகரத்துக் காவற்படைப் பிரிவொன்றை ஆராய்ந்தார். துறைமுகத் தொழிலாளர், சரக்குந்து ஓட்டுநர், எழுத்தர் போன்ற நடுவயதினர் அவர்கள்; நம் தூத்துக்குடித் தெருக்களில் நாள்தோறும் காணும் மனிதரைப் போன்றவர்கள். 1942 சூலையில் போலந்துச் சிற்றூரில் யூதர்களைச் சுடுமாறு பணித்தபோது, இயலாதவர் விலகலாம் என்று தலைவரே கூறினார். ஏறத்தாழ 500 பேரில் அப்போதே விலகியோர் பன்னிருவர் அளவே. ஏனையோரிற் பலரைச் சுடவைத்தது, தோழர்முன் கோழையாகத் தோன்றலாகாது என்னும் எண்ணமே என்பது அவரது முடிவுகளுள் ஒன்று.

நமக்கு இன்னும் நெருங்கியவர் இலங்கைத் தமிழரான மானிடவியல் பேராசிரியர் எஸ். ஜே. தம்பையா. 1956இல் மாணவர்களுடன் கல்லோயாவில் கள ஆய்வு செய்தபோதே கலவரத்தை எதிர்கொண்டவர். பின்னர் ஹார்வர்டில் பேராசிரியராகி, 1996இல் வெளியிட்ட நூலில் 1915, 1956, 1958, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களையும் 1984இல் தில்லியில் சீக்கியர்க்கு நேர்ந்ததையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். ஓரிடத்துச் சிறுபூசல் தன் சூழலினின்று பிரிக்கப்பட்டு, வதந்தியால் வளர்ந்து, இனத்தின் மானம் என்னும் பெரும் பெயர் பெறும் முறையை அவர் விளக்கினார். கூட்டத்தின் பின்னே அரசியலாரும் வணிகப் போட்டியும் நிற்பதையும் காட்டினார்.

இவ்வாய்வுகளை நாம் கற்பது கொலைஞரை மன்னிப்பதற்காக அன்று. அவர்களை விலங்கு என்று ஒதுக்கிவிட்டால், அவர்தம் குற்றமும் விலங்கின் குற்றமாகிவிடும். விலகி நிற்கும் உரிமை இருந்தும் விலகாத மனிதனது பொறுப்பு மறைந்துவிடும். அன்றியும், அந்நிலை நம்மவர்க்கு ஒருநாளும் நேராது என்னும் பொய்யான ஆறுதலும் பிறக்கும். துன்புற்ற சமூகம் துன்புறுத்தாது என்பதற்கு வரலாற்றில் உறுதியில்லை என்பதை 1983ஐ அடுத்து வந்த 1990 காட்டிற்று.

அதே வரலாற்றில் வேறு மனிதரும் உளர். 1983இல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களவர் பலர். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைத் தமிழரான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனித உரிமை ஆசிரியர்களே ஆவணப்படுத்திக் கண்டித்தனர். அவ்வமைப்பின் நிறுவனருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னும் அப்பணி நிற்கவில்லை.

மாணவச் செல்வங்களே! காயலிலும் கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் இலங்கை வாழ்வை நினைவுகூரும் முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் சென்று கேளுங்கள். இழந்த கடையை மட்டுமன்று, கதவு திறந்து காத்த அயலானையும் எழுதுங்கள். நம் பக்கத்தார் செய்த கொடுமை சொல்லப்படுமாயின், அதனையும் அதே மையால் எழுதுங்கள். பெரியோர்க்கு எம் விண்ணப்பமும் ஒன்றுண்டு: ஊரில் ஒரு வதந்தி எழும் நாளில், இளைஞர்கள் உங்கள் முகத்தையே நோக்குவர். 'விலகி நில்' என்னும் சொல் அப்போது உங்கள் வாயிலிருந்து முதலில் வருமாக!