அடித்துவிட்ட எண்

பேரியம் டைட்டனேட் என்ற வெண்ணிறத் தூளைக் கல்வத்திலிட்டு அரைப்பதிலேயே என் ஆய்வுக்காலத்தின் முதல் ஆண்டு கழிந்தது. தூளை வில்லையாக அழுத்தி, 1350 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, அதன் மின்காப்பு மாறிலியை அளக்க வேண்டும். வழக்கமாக 1700ஐ ஒட்டிய எண்ணே வரும். ஓர் இரவு, உலை உச்ச வெப்பத்தை எட்டிய சற்று நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. அந்த வில்லை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு காட்டியது. அளவீட்டுப் பிழை என்று குறிப்பேட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, வில்லையைக் குப்பையில் போட்டேன்.

பிழை எங்கே நேர்ந்ததென்று பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

சுட்ட பீங்கான் ஒரே கல்லன்று. நுண்படிக மணிகள் இறுகி ஒட்டிய கூட்டம். சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிரும்போது ஒவ்வொரு மணியும் ஒரு திசையில் சற்றே நீளப் பார்க்கிறது. அண்டை மணிகள் இடம் தருவதில்லை. பெரிய மணி தனக்குள் பல களங்களாகப் பிரிந்து அந்த நெருக்கடியைத் தணித்துக்கொள்ளும். மிகச் சிறிய மணிக்கு அது கடினம். இறுக்கம் உள்ளேயே தங்கி, மாறிலியை உயர்த்துகிறது. பூசெம், கிராஸ், கோஸ்வாமி ஆகியோர் 1966இல் அளித்த விளக்கம் இது. களங்கள் நெருங்கி அவற்றின் எல்லைச்சுவர்கள் பெருகுவதே காரணம் என்றனர் ஆர்ல்ட் முதலியோர், 1985இல். எவ்வாறாயினும், மணியின் அளவு ஒரு மைக்ரானை ஒட்டி வரும்போது மாறிலி 5000 வரை ஏறுகிறது. அதனினும் சிறுத்தால் மீண்டும் சரிகிறது.

வெளியிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினாலும் இப்பொருள் மாறும். ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி வீதம் அந்த 120 டிகிரி வாசல் கீழிறங்குகிறது. வாசல் அறை வெப்பநிலையை நெருங்க நெருங்க மாறிலி உயரும். சுமார் 20,000 வளிமண்டலத்தில், தானாக மின்முனைவு கொள்ளும் இயல்பே அற்றுப்போகும். புறத்தே இராட்சத எந்திரம் தரும் நெருக்கத்தின் சிறு சாயலை, அகத்தே மணிகள் தமக்குள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்த வில்லையை உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருந்தால், வளர நேரம் வாய்க்காத சிறு மணிகளைக் கண்டிருக்கக்கூடும். வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருந்திருக்கவும் கூடும். இனி அறிய வழியில்லை. குறிப்பேடு மட்டும் இருக்கிறது. அடித்த கோட்டுக்கு அடியில் அந்த எண்ணை இன்னும் வாசிக்க முடிகிறது.