மின்விசிறி இல்லாத அறை

அன்னை தெரசா 44 வருடங்கள் வாழ்ந்த சின்ன அறைக்கு வடிவமைப்பாளர் யாரும் கிடையாது. ஆனால் அங்கே எதுவும் யோசிக்காமல் வைக்கப்பட்டதில்லை.

கொல்கத்தாவின் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் அமைதியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பஸ்களின் ஹாரன், நடைபாதை வியாபாரிகளின் கூவல், சாலை நடுவே தள்ளுவண்டிக்காரரோடு டாக்ஸி டிரைவர் நடத்தும் வாக்குவாதம். இந்தக் களேபரத்துக்கு நடுவே, 54-ஏ என்ற எண்ணில் நிற்கிறது மதர் ஹவுஸ். ஆடம்பரமான வாசல் கிடையாது. பக்கவாட்டுச் சந்தில் திரும்பினால் ஒரு சாதாரணக் கதவு. அவ்வளவுதான்.

உள்ளே ஒரு முற்றம். நீல நிற விளிம்பு போட்ட வெள்ளைப் புடவையில் கன்னியாஸ்திரிகள் வாளியும் கையுமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். தரைத்தளத்தில் அன்னை தெரசாவின் கல்லறை. அதன் மீது பூவிதழ்களால் எழுதப்பட்ட ஒரு வாசகம். முழங்காலிட்டிருக்கும் கூட்டம் கலைய நேரமாகும். ஆனால் பார்வையாளர்கள் பலரை அதிகம் பாதிப்பது கல்லறை அல்ல. படியேறிப் போனால் வரும் ஒரு சின்ன அறை.

வாசலில் நின்றுதான் பார்க்கவேண்டும், உள்ளே போக முடியாது. புகைப்படம் எடுக்கவும் அனுமதி இல்லை. ஒடுக்கமான கட்டில், எழுத ஒரு மேசை, சுவரில் முள்முடி, ஒரு வரைபடம். மின்விசிறி இல்லை. நேர் கீழே சமையலறை. சித்திரை, வைகாசியில் கொல்கத்தாவின் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மேலே வெயில், கீழே அடுப்பு. 1953 முதல் 1997 செப்டம்பர் 5-ம் தேதி இறக்கும் வரை இதுதான் அவருடைய இடம். நோபல் பரிசு பெற்று இருபது வருடங்கள் ஆகப்போகும் நிலையிலும் அறை மாறவில்லை.

உலகின் மறுகோடியில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் இருக்கிறது. நியூயார்க்கில் 1973-ல் தொடங்கிய கிப்ஸ் பே கண்காட்சி வீடு அதில் பிரபலமானது. பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். பெயர் பெற்ற உள் அலங்கார நிபுணர்கள் ஆளுக்கொரு அறையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். கிடைப்பது ஆடை மாற்றும் அறையாகவோ மாடிப்படி மூலையாகவோ இருந்தாலும் அதில் தங்கள் மொத்தத் திறமையையும் கொட்டிவிடுவார்கள். மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். வசூல் சிறுவர் சிறுமியர் மன்றத்துக்குப் போகும். சில வாரங்களில் எல்லாம் கலைக்கப்பட்டுவிடும். அந்த அறைகளில் யாரும் ஒரு நாள்கூடத் தூங்குவதில்லை.

கொல்கத்தாவுக்கு இந்த விஷயம் புதிதல்ல. துர்கா பூஜை பந்தல்கள் வேறென்ன? தெருக்காரர்கள் சந்தா வசூலித்து, மூங்கிலையும் துணியையும் வைத்து ஐந்து நாள் விருந்தாளியான துர்கைக்கு ஓர் அரண்மனை கட்டுகிறார்கள். கலைக் கல்லூரியில் படித்தவர்கள் வடிவமைக்கிறார்கள். 1985-லிருந்து பெயின்ட் கம்பெனி ஒன்று சிறந்த பந்தல்களுக்குப் பரிசு தருகிறது. 2021-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்துவிட்டது. தசமி முடிந்ததும் தேவி கங்கைக்குப் போகிறாள், பந்தல் கோணியும் கயிறுமாகப் பிரிந்துவிடுகிறது. அலங்காரம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் இந்த அறையும் காட்சிக்கு இருக்கிறது. டிக்கெட் கிடையாது. கலைக்கும் தேதியும் கிடையாது.

இந்த அறையை எளிமை என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவது சுலபம். ஆனால் எளிமையும் ஒரு வடிவமைப்புதான். ஸ்கோப்யேவில் 1910-ல் பிறந்து, 1929-ல் கல்கத்தாவுக்கு வந்து, லொரேட்டோ கன்னியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் அன்னை தெரசா. மதில் சூழ்ந்த அந்த வளாகத்தை விட்டு 1948-ல் வெளியே வந்தார். கிரீக் லேனில் ஒரு குடும்பம் தந்த மாடியில் தங்கினார். 1950 அக்டோபர் 7-ம் தேதி அவருடைய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1953-ல் இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்தபோது எதை வைத்துக்கொள்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் பெரிய தீர்மானமாக இருந்திருக்கவேண்டும். ஒரு கன்னியாஸ்திரிக்கு மூன்று புடவை, ஒரு வாளி. மேல்மாடித் தேவாலயத்தில் நாற்காலி இல்லை, எல்லோருக்கும் தரைதான். சாலைச் சத்தம் ஜன்னல் வழியே ஜெபத்துக்குள் வந்து விழுகிறது. கதவருகே, வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் இப்போது அவருடைய சிலை. புதிதாக வருகிறவர்கள் உயிருள்ள ஒருவர் என்று நினைத்து ஒரு கணம் தயங்குகிறார்கள்.

பணத்தின் மதிப்பு தெரியாதவர் அல்ல அவர். 1964-ல் பம்பாய் வந்த போப் ஆறாம் பால் தன்னுடைய காரை அவருக்குப் பரிசளித்தார். அவர் அதில் ஏறவில்லை. குலுக்கலில் விட்டு, வசூலான பணத்தைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குக் கொடுத்தார். 1979-ல் நோபல் விருந்தை ரத்து செய்து அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

ஆனால் இந்த அறையின் வாசலில் நிற்கும்போது ஒரு சங்கடமான கேள்வியும் கூடவே நிற்கிறது. தனக்கென்று ஒருவர் வறுமையைத் தேர்ந்தெடுப்பது துறவு. அதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்தால்? ஸான் பிரான்ஸிஸ்கோவில் சபைக்குக் கிடைத்த வீட்டிலிருந்து மெத்தைகளையும் தரைவிரிப்புகளையும் அகற்றச் சொன்னவர் அவர். அங்கே இருந்தது கன்னியாஸ்திரிகள், அவர்கள் விரும்பி ஏற்ற வாழ்க்கை. சரி. காளிகட்டில் 1952-ல் தொடங்கிய நிர்மல் ஹ்ருதயில் படுத்திருந்தவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தெரு அவர்களைத் தள்ளியது. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கே போய்வந்து 1994-ல் எழுதினார். சுத்தத்தையும், புண்களைக் கவனிக்கும் விதத்தையும், அன்பையும் பாராட்டினார். நோயைக் கண்டறிவதில் ஒழுங்கு இல்லை, வலியைக் குறைக்கும் வலுவான மருந்துகள் இல்லை என்றும் சொன்னார். மறு வருடம் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் ஒரு புத்தகமே எழுதி இன்னும் கடுமையாகத் தாக்கினார்.

2016-ல் புனிதர் பட்டம் வந்த பிறகும் இந்தக் கேள்வி மறையவில்லை. மறையவேண்டியதும் இல்லை. தெருவோரத்தில் சாகக் கிடந்தவரை யாரும் தொடாத காலத்தில் தொட்டுத் தூக்கியவர் அவர் என்பது உண்மை. தொட்டால் மட்டும் வலி தீராது என்பதும் உண்மை.

இந்த அறை அந்த வழக்கைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனால் ஒரு சாட்சியம் சொல்கிறது. மின்விசிறி இல்லாமல் இருப்பது நல்லது என்று நினைத்தவர் முதலில் தன் தலைக்கு மேலிருந்துதான் அதை விலக்கிக்கொண்டார். தாங்கள் ஒருபோதும் படுக்காத பாயை ஏழைகளுக்குச் சிபாரிசு செய்யும் கூட்டம் நம் நாட்டில் பெரியது. அந்தக் கூட்டத்தில் அவரைச் சேர்க்க முடியாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எங்கோ பார்த்த காட்சியாகத் தோன்றலாம். சென்னை தி. நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் குடியிருந்த வாடகை வீடு இன்று நினைவு இல்லம். சேவாகிராமத்தில் மண்ணாலும் மூங்கிலாலும் எழுந்த காந்தியின் குடிசைக்கும் இன்றும் கூட்டம் போகிறது. இந்தியர்களுக்குப் பெரிய மனிதர்களின் சிறிய அறைகள் என்றால் ஒரு மயக்கம். பார்த்து உருகிவிட்டு, வீடு திரும்பியதும் ஏ.சி.யைப் போட்டுக்கொள்வோம்.

மதர் ஹவுஸுக்கு வியாழக்கிழமை போனால் திரும்பத்தான் வேண்டும், பார்வையாளர்களுக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் போனால் அங்கே இருக்கும் சிறு அருங்காட்சியகத்தையும் பாருங்கள். தேய்ந்த செருப்பு, கைப்பட எழுதிய கடிதங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பிறகு மீண்டும் ஒருமுறை அறை வாசலுக்கு வந்து நில்லுங்கள். கொல்கத்தாவின் கோடையில் என்றால் இன்னும் நல்லது. இரண்டு நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். கை தன்னையறியாமல் சுவரில் ஸ்விட்சைத் தேடும்.