கொல்லா வேட்டை

செண்பகம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, நறுமணம் கமழும் மலர். மற்றொன்று, செம்போத்து என்று நாம் வழங்கும் பறவை. பழனிமலைத் தொடரில், கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, மலைப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் செண்பகனூர். காட்டுச் செண்பக மரமும் இம்மலையில் உண்டு. செம்போத்தின் ஆழ்ந்த குரலும் இதன் சரிவுகளில் கேட்கும். ஆதலின் எவ்வகையாற் பார்ப்பினும் இவ்வூரின் பெயர் பொருத்தமானதே. தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர், ஆண்டுதோறும் சில திங்கள் இவ்வூரில் தங்கி வருவது என் வழக்கமாயிற்று.

இம்மலையின் உயர்ந்த பகுதிகளில் மலைச்சரிவெல்லாம் புல்வெளியாகவும், மடிப்புகளெல்லாம் அடர்ந்த காடாகவும் இருப்பதைக் காணலாம். அக்காட்டுக்குச் சோலை என்பது பெயர். சோலையில் மரங்கள் குட்டையானவை. கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். நண்பகலிலும் உள்ளே மாலைநேரம் போன்ற மங்கிய ஒளியே நிலவும். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியவிடுவதால், மலையடிவாரத்து ஆறுகளுக்கெல்லாம் சோலையே செவிலித்தாய் எனலாம். மேற்கு மலைத்தொடரையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் சில இச்சோலைகளில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று பழனிச் சிரிப்பான். முதுகு பழுப்பு, மார்பு சாம்பல், வயிறு செம்மை, கண்ணுக்கு மேலே வெண்ணிறப் புருவம். கூட்டமாகக் கூடி அவை எழுப்பும் ஒலி, குறும்புச் சிறுவர் சிலர் ஒருங்கே நகைப்பது போலிருக்கும். மற்றொன்று, கருநீல உடலும் வெண்ணிற வயிறும் உடைய சிறிய பறவை. அதன் இனத்திற்கு 2017ஆம் ஆண்டு அறிஞர் சூட்டிய அறிவியற் பெயரில் 'சோலை' என்னும் நம் சொல்லே முன்னிற்கிறது. இச்செய்தியை அறிந்த நாளில் யான் பெற்ற மகிழ்ச்சி சிறிதன்று.

செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895ஆம் ஆண்டு திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். அத்துறவியருள் பலர் இம்மலையின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பூச்சிகளையும் பொறுமையுடன் ஆராய்ந்தனர். அவர்கள் உழைப்பால் அங்கே ஓர் இயற்கைக் காட்சிச்சாலை உருவாயிற்று. இளமையில் முதன்முதலாக அதனுள் நுழைந்தபோது, பதம் செய்து நிறுத்தப்பெற்ற பறவைகளையும் விலங்குகளையும் கண்டு வியந்து நின்றேன். பறவையின் அலகு எவ்வளவு நீளம், காலின் நிறம் யாது என்பவற்றை அங்கே நன்றாக அறியலாம். ஆயினும் அந்தப் பறவை பாடவில்லை, பறக்கவில்லை, என்னைக் கண்டு அஞ்சவும் இல்லை. கண்ணாடியாற் செய்த அதன் கண் எங்கும் நோக்கவில்லை.

துறவியரைக் குறை கூறுவதன்று என் கருத்து. அக்காலத்தில் பறவையை ஆராய்வதற்கு அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதம் செய்வதே வழக்கமாக இருந்தது. பழனிச் சிரிப்பானை 1869ஆம் ஆண்டு அறிவுலகிற்கு விளக்கி எழுதியவர் பிளான்போர்டு என்னும் அறிஞர். அதன் அறிவியற் பெயரில் நின்று விளங்குவதோ, இம்மலையில் அதனைச் சேகரித்த பேர்பாங்கு என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பெயர். அவர்களுடைய ஆராய்ச்சி இல்லையேல் நமக்கு இன்று இவ்வளவு செய்திகள் தெரியமாட்டா. ஆனால், ஒன்றை அறிவதற்கு அதனைக் கொல்லத்தான் வேண்டுமா என்னும் வினா நல்லோர் உள்ளத்தில் எழாமலில்லை. அவ்வினாவிற்கு விடையாக வந்ததே நிழற்படக் கருவி.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு உலகிற்கு வெளிப்படுத்தப்பெற்றது. தொடக்கக் காலத்தில் படம் பதிவதற்கு நெடுநேரம் ஆயிற்று. எதிரே இருப்பவர் அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். அசையாதிரு என்றால் மனிதன் கேட்பான், பறவை கேட்குமா? ஆதலின் காட்டுப் பறவைகளைப் படம் எடுக்கும் முயற்சி அந்நூற்றாண்டின் இறுதியிலேதான் உரம் பெற்றது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். பறவைக் கூடுகளைப் பற்றிய அவர்களது நூல், நிழற்படங்களோடு 1895இல் வெளிவந்தது. பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதை உணர்ந்த அவர்கள், எருதின் தோலால் உள்ளீடற்ற ஓர் எருதைச் செய்து, அதன் வயிற்றினுள் கருவியோடு ஒளிந்து நின்றார்களாம்! ஒருநாள் உள்ளே நின்றவர் மயங்கிச் சாய, எருதும் நான்கு கால்களையும் வானோக்கி நீட்டிக் கவிழ்ந்ததாம். பறவையைத் தேடிச் சென்றவர் பட்ட பாடு நமக்கு நகைப்பைத் தரினும், அவர் ஊக்கம் போற்றத்தக்கது.

நம் நாட்டில் இக்கலையில் தலைசிறந்து விளங்கியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் இவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென அமைத்துக்கொண்ட பெரிய காமிராவைச் சுமந்து காடுகள்தோறும் அலைந்தார். யானைகளை அவர் எடுத்த படங்கள் பெயர் பெற்றவை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் தம் வாழ்வு முடியுமளவும் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார், தமிழிலும் எழுதினார். இந்திய அரசு 1970ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விலங்கை அதன் இயல்பான சூழலில், அது தன் போக்கில் இருக்கும்போது காண்பதே காட்சி என்பதை அவருடைய படங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது ஒரு வங்கியில் பணியாற்றுகிறார். விடுமுறை தோறும் நிழற்படக் கருவியுடன் செண்பகனூருக்கு வருவார். அவருடன் பலமுறை சோலைகளின் ஓரத்திற் சென்றிருக்கிறேன். இக்கலையின் அருமையை அவரிடமே கற்றேன். வெயில் நன்கு படும் இடத்தில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் கருவியின் இமை திறந்து மூடினாலே போதும். பறக்கும் சிறகும் தெளிவாகப் பதியும். சோலையின் உள்ளேயோ ஒளி மிகக் குறைவு. இமை நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க நேரிடும். அதற்குள் பறவை தலையைத் திருப்பினால் படம் கலங்கிவிடும். எனவே அது அசையாது நிற்கும் அந்த ஒரு கணத்திற்காக மணிக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். கண்ணைப் பறிக்கும் உடை உடுத்தலாகாது, உரத்துப் பேசலாகாது, அட்டை கடித்தாலும் துள்ளலாகாது. "ஐயா, தாங்கள் வகுப்பில் எங்களை அமைதியாக இருக்கச் சொன்னீர்கள், அதை எனக்கு உண்மையிற் கற்பித்தது இந்தச் சோலைதான்" என்று அவர் ஒருமுறை கூறினார். அதனைக் கேட்டு யான் வருந்தவில்லை.

ஒரு வைகாசித் திங்கள், சாலையோரப் புதரொன்றில் பழனிச் சிரிப்பானின் கூடு இருந்தது. புல்லும் பாசியும் கொண்டு கிண்ணம் போற் புனைந்த கூடு. உள்ளே குஞ்சுகள் இரண்டு. நாங்கள் சென்றபோது, வெளியூரிலிருந்து வந்த இருவர் விலையுயர்ந்த கருவிகளோடு அங்கு நின்றிருந்தனர். கூட்டை ஒரு சிறு கிளை மறைத்தது. "இந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டால் படம் தெளிவாக விழும்" என்று ஒருவர் கத்தியை எடுத்தார். என் மாணவர் அவர் கையைப் பற்றவில்லை. சினந்து பேசவும் இல்லை. எதிரிலிருந்த மரத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே தாய்ப்பறவை, அலகில் ஒரு புழுவைக் கவ்வியபடி அமர்ந்திருந்தது. கூட்டை நோக்கும், எங்களை நோக்கும், ஒரு கிளை தாழ இறங்கும், மீண்டும் மேலே செல்லும்.

"நாம் இங்கு நிற்குமளவும் அது வராது, ஐயா. குஞ்சுகள் பசித்திருக்கும். அந்தக் கிளையை வெட்டினால் வெயிலும் மழையும் குஞ்சுகளின் மேல் நேரே விழும். காக்கையும் கூட்டைக் கண்டுகொள்ளும். நமக்குத் தெளிவாகத் தெரிவது காக்கைக்கும் தெளிவாகத் தெரியும் அல்லவா?" என்றார் அவர்.

கத்தி எடுத்தவர் சற்று நேரம் பேசாது நின்றார். பின்பு அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நால்வரும் சாலையின் வளைவுவரை பின்வாங்கினோம். தாய்ப்பறவை சிறிது நேரம் ஐயுற்றது. பின்னர்ப் புதருக்குள் புகுந்தது. அலகு வெறுமையாக வெளியே வந்தது. அன்று எவரும் அந்தக் கூட்டைப் படம் எடுக்கவில்லை. எனினும், இவ்வளவு நிறைவோடு நான் வீடு திரும்பிய நாட்கள் சிலவே.

மாணவர்களே! நிழற்படம் எடுப்பது கொல்லாத வேட்டை என்று பலர் கூறுவர். துப்பாக்கி உயிரைக் கவர்கிறது. காமிரா உருவத்தை மட்டும் கவர்கிறது என்பது அவர் கருத்து. அது முழுதும் உண்மையாவது எடுப்பவரின் நெஞ்சத்தைப் பொறுத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பது யாது என விளக்குமிடத்து, கொல்லுதலையும் பிடித்தலையும் மட்டும் கூறி நிற்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சிதைத்தலையும், முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு விளைத்தலையும் வேட்டை என்றே கூறுகிறது. கையில் துப்பாக்கி இல்லாதவனும் வேட்டைக்காரன் ஆகலாம் என்பதை இதனால் உணர்க. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதும் அத்தகையதே. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று எண்ணி அது இரை தேடலையும் குஞ்சு காத்தலையும் விட்டு ஓடி வருகிறது. நம் ஒரு படத்திற்காக அதன் ஒரு பகற்பொழுது வீணாகின்றது.

அவ்வாறாயின் படமே எடுக்கலாகாதா எனின், அங்ஙனம் அன்று. படம் அழகுக்கு மட்டுமன்று, சான்றுக்கும் உரியது. கோடைக்கானலின் மேற்புறத்தில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கதிரவன் ஆய்வுக்கூடம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்துள்ளது. ஒரு நாளைய படம் சிறிய செய்தி; நூறாண்டுப் படங்களோ பெருஞ்செல்வம். பறவைப் படமும் அத்தகையது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்து வைத்தால், அது ஆராய்ச்சிக்கு உதவும். இம்மலையின் புல்வெளிகள் பலவற்றில் சீகையும் தைலமரமும் பைன் மரமும் நடப்பெற்றன. அதனால் எவ்வுயிர் பெருகிற்று, எவ்வுயிர் அருகிற்று என்று அறிவதற்கு இத்தகைய சான்றுகளே துணை. கோடைக்கானல் மலைக்காடுகள் 2013ஆம் ஆண்டு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றன. காப்பதற்கு முதற்படி, காப்பதற்குரியது இன்னது என்று அறிதலன்றோ?

இம்மலைநாட்டைப் பண்டு ஆண்டவன் பேகன் என்னும் வள்ளல். மயிலின் அகவலைக் கேட்டு, அது குளிரால் நடுங்குகிறது என எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயிலிடமிருந்து அவன் எதனையும் பெற விரும்பவில்லை. ஒரு பீலியையும் வேண்டவில்லை. நாமோ பறவையிடம் அதன் உருவத்தை வேண்டிச் செல்கிறோம். கொடுக்கச் சென்றவனுக்கே அத்துணை இரக்கம் இருந்ததாயின், பெறச் செல்லும் நமக்கு எத்துணைப் பணிவு வேண்டும்!

இக்காலத்தில் உங்களுட் பலருடைய வீடுகளில் கைப்பேசி உள்ளது. அதனுள் ஒரு காமிராவும் உள்ளது. நெடுந்தொலைவு சென்று அரிய பறவையைத் தேட வேண்டுவதில்லை. பள்ளி வளாகத்து வேம்பிலும், வயல்வரப்பிலும், குளக்கரையிலும் பறவைகள் உள்ளன. முதலில் கருவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பத்து நாள் பாருங்கள். எப்போது வருகிறது, எதை உண்கிறது, எவ்வாறு அழைக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர், அதன் வேலை தடைப்படாத தொலைவில் நின்று படம் எடுங்கள். கூடு கண்டால் விலகுங்கள். அதன் இடத்தைப் பிறர்க்குப் பறைசாற்றாதீர்கள். நீங்கள் வந்ததையும் சென்றதையும் பறவை பொருட்படுத்தாது தன் தொழிலைச் செய்துகொண்டிருந்ததாயின், படம் சிறிது மங்கலாக அமைந்தாலும் வருந்தற்க. அதுவே நல்ல படம்.